பெயர் சொல்லி ஊற்றுகிறவள்

கரீபியன் கடலில் இருக்கிற எங்கள் கரியாக்கூ தீவுக்கு விடுமுறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். வந்த அன்றைக்கே ஜாக் அயர்ன் ரம்மை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, கண்ணில் நீர் வழிய, கடை வாசலில் உட்கார்ந்துவிடுகிறார்கள். இனி செத்தாலும் இதைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்கிறார்கள். கிளம்புகிற அன்று, ஊருக்குக் கொண்டுபோய் நாலு பேருக்குக் காட்ட வேண்டாமா என்று அதே ரம்மில் இரண்டு பாட்டில் வாங்கி, குளியல் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு விமான நிலையத்துக்கு வந்து நிற்கிறார்கள்.

அவர்கள் மேல் மட்டும் குற்றம் சொல்லக்கூடாது. பாஸ்கோம் கடையில் ரம் விற்கிற லட்சணம் அப்படி. முதலில் ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றுவான். அதில் ஒரு ஐஸ் கட்டியைப் போடுவான். மற்ற ரம்மில் மிதக்கிற ஐஸ் இதில் கல் மாதிரி நேரே அடிக்குப் போய் உட்காரும். பார்க்கிறவர்கள் வாய் பிளந்து நிற்பார்கள். திறந்த வாய் மூடுவதற்குள் பாட்டில் கைமாறியிருக்கும். இவ்வளவு வீரியமான சரக்கை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள் என்பதை மட்டும் பாஸ்கோம் சொல்லவே மாட்டான். கேட்டால், "நான் ரம் விக்கிறவன். பிளேன் ஓட்டுறவன் இல்ல" என்பான்.

அதைச் சொல்கிற வேலை இஸ்மே பெடோவுக்கு வாய்த்தது.

இஸ்மே ஐம்பதைத் தாண்டியவள். தோள் அகன்ற, குரல் தணிந்த பெண்மணி. ஒரே ஓடுபாதை, ஒரே கூடம், ஒரே மேசை உள்ள எங்கள் விமான நிலையத்தில் பயணிகளின் பைகளைத் திறந்து பார்ப்பது அவள்தான். துண்டுக்குள் பாட்டில் தட்டுப்பட்டதும் அவள் முகத்தில் ஒரு வருத்தம் வரும். அது நடிப்பு இல்லை. நல்ல சரக்கு வீணாகப் போவதில் யாருக்குத்தான் வருத்தம் இல்லை?

பிடித்த சரக்கை ஊழியர்கள் குடித்துவிடக்கூடாது, உடையவர் கண்ணெதிரே கீழே கொட்ட வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. உத்தரவு போட்டவருக்கு எங்கள் ஊர் வழக்கம் தெரியாது. எங்கள் ஊரில் தரையில் விழுகிற ரம் செத்தவர்களுக்குச் சொந்தம். பெயர் சொல்லி ஊற்றினால் அந்தப் பெயருக்கு உரியவர் வந்து தாகம் தீர்த்துக்கொண்டு, வந்த வழியே போவார். பெயர் சொல்லாமல் கொட்டினாலோ, கேட்பாரற்றுப் போனதுகள் எல்லாம் வந்து மொய்த்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். விமானம் ஏறி இறங்குகிற இடத்தில் அதுகள் குடியேறினால் என்ன ஆவது? இஸ்மே யோசித்தாள். யோசித்துவிட்டு, மேலிடத்தைக் கேட்காமல் தானே ஒரு வழி செய்துகொண்டாள்.

"இது பிளேன்ல ஏறாதுங்க, கொட்டித்தான் ஆகணும்" என்பாள் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு. பிறகு, "உங்க வீட்ல செத்துப்போனவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்பாள்.

உலகத்தில் வேறெந்த விமான நிலையத்திலும் பாதுகாப்பு மேசையில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள். பாதிப் பேர் மிரட்டுகிறாள் என்றே நினைப்பார்கள். அவள் பொறுமையாக விளக்குவாள். பிறகு பாட்டிலோடு ஒரு பெரிய எனாமல் குவளையில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிற வாதுமை மரத்தடிக்கு அவர்களைக் கூட்டிப்போவாள்.

ஒருமுறை கனடாக்காரர் ஒருவர், ஆறரை அடி ஆள், பூப்போட்ட சட்டையும் அரைக்கால் சட்டையுமாக வந்து மாட்டினார்.

"எங்க அப்பா இருக்காரு. ஆனா அவரு வாழ்க்கையில ஒரு சொட்டு குடிச்சதில்ல. சர்ச்சுல பிரசங்கம் பண்ணினவரு. குடிக்கிறவன் எல்லாம் நரகத்துக்குத்தான் போவான்னு சொல்லிட்டே இருப்பாரு" என்றார்.

"பரவால்லங்க. அவருக்குத் தண்ணி ஊத்துவோம். ரம்ம அவரு பக்கத்துல நிக்கிறவங்களுக்குக் குடுத்துடலாம்."

"பக்கத்துல யாரு நிப்பாங்க?"

"அது அவருக்குத்தாங்க தெரியும்."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். இஸ்மே சிரிக்கவில்லை. தண்ணீரை ஊற்றி, அவர் சொன்ன பெயரைச் சொல்லி, "வாங்க ஐயா, தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க, குடிங்க" என்று கூப்பிட்டாள். அந்தப் பெயரை அவர் மகனைத் தவிர இந்தத் தீவில் யாரும் கேட்டதில்லை. அந்தப் பெயர்க்காரரும் இந்தத் தீவைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். மண் தண்ணீரை உறிஞ்சியது. ஆறரை அடி ஆள் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று கூப்பிட்டும் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. கடைசியில் மூட்டை தூக்கும் லிண்டன்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனான்.

இன்னொரு முறை, அப்பா பையில் பாட்டில் பிடிபட, முந்திக்கொண்டு பதில் சொன்னவள் ஒரு சின்னப் பெண். தனக்கு யாரும் சாகவில்லை, போன மாதம் தன் நாய்தான் செத்தது, அதன் பெயர் பிஸ்கட் என்றாள். லிண்டன் களுக்கென்று சிரித்துவிட்டான். இஸ்மே அவனை ஒரு முறை முறைத்தாள். பிறகு குனிந்து, "பிஸ்கட், வாடா கண்ணு, குடி" என்றாள். நாய்க்கும் தாகம் உண்டு, அதற்கும் பெயர் உண்டு, அவளுக்கு அது போதும். அந்தப் பெண் அழுத அழுகையில் விமானி கீழே இறங்கி வந்து என்ன ஏதென்று விசாரித்துவிட்டுப் போனார்.

"இந்த ஊர்லயே அதிகமா குடிச்சது இந்த மரந்தான்" என்பான் லிண்டன். அது உண்மையிலேயே கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கும். ஊற்றி முடித்ததும் ஈர மண்ணை நக்குவதற்கென்றே ஒரு கிழட்டு ஆடு அங்கே காத்துக்கொண்டிருக்கும். கேலி பேசுவோமே தவிர, இஸ்மே வாயைத் திறந்து ஒரு பெயரைச் சொன்னால் எங்களுக்கும் மெய் சிலிர்த்துவிடும். எத்தனை முறை பார்த்தும் அது பழகவில்லை. எங்கோ பனியில் செத்தவர்களையும், பெரிய பட்டணத்து ஆஸ்பத்திரிகளில் செத்தவர்களையும் எங்கள் தூசி மண்ணுக்குக் கூப்பிட்டாள் அவள். கூப்பிட்டவுடன் யாரோ வந்து நிற்பது போல அங்கே காற்று மாறும். நம்பாதவர்கள் வந்து நின்று பார்த்திருக்க வேண்டும்.

ஊரார் வீட்டுச் செத்தவர்களை எல்லாம் இப்படி உபசரித்தவள், தன் வீட்டில் ஒரே ஒரு பெயரை மட்டும் சொன்னதே இல்லை.

அவள் புருஷன் கெனூட் பெடோ. கிறிஸ்துமஸ் நெருங்கினால் பாய்மரக் கப்பலில் வடக்கே போய், வரியில்லாத விஸ்கியும் ஜின்னும் ஏற்றிக்கொண்டு வருவது எங்கள் ஆண்களுக்குத் தொழில் பாதி, வீம்பு மீதி. சுங்கக்காரன் கண்ணில் மண்ணைத் தூவுவதில் கெனூட் மன்னன். ஊரில் எந்தக் கல்யாணத்தில் நல்ல விஸ்கி ஓடினாலும் அது அவன் கொண்டுவந்ததாகத்தான் இருக்கும். அவன் மட்டும் விஸ்கியைத் தொடமாட்டான். அவனுக்கு ஜாக் அயர்ன்தான். பதினோரு வருடங்களுக்கு முன்பு இன்னும் இரண்டு பேரோடு வடக்கே போனவன் திரும்பவில்லை. காற்று அந்த வருடம் பேய்க்காற்று. கப்பலின் மூடிப் பலகை ஒன்று மட்டும் பக்கத்துத் தீவில் கரை ஒதுங்கியது.

கூடப்போன இரண்டு பேர் வீட்டிலும் அடுத்த வருடமே பெயர் சொல்லி ஊற்றி, அழுது, தேறிவிட்டார்கள். இஸ்மே ஊற்றவில்லை. உயிரோடு இருக்கிறவன் பெயரைச் சொல்லி ரம் ஊற்றினால், அவன் எங்கே இருந்தாலும் செத்தவர்கள் வரிசையில் போய் நின்றுவிடுவான் என்பது எங்கள் பெரியவர்கள் சொல்லிவைத்தது. வெனிசுவேலா சிறை ஒன்றில் கெனூட் சாயலில் ஒருவனைப் பார்த்ததாக மாலுமி ஒருவன் எப்போதோ சொல்லியிருந்தான். குடிகாரன் பேச்சு என்று ஊர் அதை மறந்துவிட்டது. இஸ்மே மறக்கவில்லை. அவன் உயிரோடிருந்து தான் பெயரைச் சொல்லிவிட்டால், தன் வாயாலேயே அவனைக் கொன்றதாகும். செத்திருந்து சொல்லாமல் விட்டால், அத்தனை வருடமும் அவன் தாகத்தோடு அலைவான். இந்த இரண்டுக்கும் நடுவில் அவள் நின்றாள். மனைவி இருக்க வேறு யாரும் முதலில் கூப்பிடக்கூடாது என்பதால் உறவும் அவளோடு சேர்ந்து நின்றது. அவன் வந்தால் தட்டிக்கொண்டு நிற்கக்கூடாதென்று வாசல் கேட்டை அவள் தாழிட்டதே இல்லை. ஆடுகள் புகுந்து துவரஞ்செடியை மொட்டையடித்தன. அப்போதும் தாழிடவில்லை.

கெனூட்டின் அக்கா அகஸ்டா புரூக்ளினில் இருக்கிறாள். போன வருடம் விடுமுறைக்கு வந்தபோது இரண்டு பாட்டில் உயர்ந்த விஸ்கியும் ஒரு கனவும் கொண்டுவந்தாள். விஸ்கியை எல்லோருக்கும் ஊற்றினாள். கனவை, குடும்பத்தில் செத்தவர்களுக்கு மேசை போட்டுச் சோறு வைக்கிற அன்று, இஸ்மேயிடம் எடுத்தாள்.

"இஸ்மே, தம்பி என் கனவுல வந்தான். சொட்டச் சொட்ட நனைஞ்சு நிக்கிறான். நானும் அங்க பூந்தொட்டியில அவன் பேரச் சொல்லிக் கொஞ்சம் விஸ்கி ஊத்தினேன். மறுநாளும் வந்தான். மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டு, 'இது என்னக்கா, மருந்தா?'ங்கிறான்."

மேசையைச் சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்கப் பாடுபட்டார்கள். கெனூட் அப்படித்தான் பேசுவான் என்பது எல்லோருக்கும் தெரியும். இஸ்மேயின் முகம் மட்டும் இறுகிவிட்டது.

"அவர் செத்திருந்தா என் கனவுல வந்திருப்பாரு. கட்டின பொண்டாட்டிய விட்டுட்டுக் கடல் தாண்டி அக்காகிட்ட வருவாரா?"

"நீ தூங்கினாத்தானடி கனவு வர்றதுக்கு? விடிய விடிய ஜன்னல்ல உக்காந்திருந்தா அவன் எப்படி வருவான்? எதிர்ல நாற்காலி போட்டு உக்காருவானா?"

அகஸ்டா பேசிக்கொண்டே ரம் டம்ளரை எடுத்துத் தரைப் பக்கம் சாய்க்கப் போனாள். இஸ்மே அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"அவர் பேரச் சொல்லி ஒரு சொட்டு விழுந்துச்சுன்னா, உங்களுக்கும் எனக்கும் இன்னியோட முடிஞ்சுது அக்கா."

அகஸ்டா டம்ளரைக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகு விடுமுறை முடிகிற வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

கிளம்புகிற அன்று அகஸ்டா வெள்ளைத் தொப்பியும் கைப்பையுமாக வரிசையில் வந்து நின்றாள். பின்னால் வெயிலில் சிவந்துபோன வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று நின்றது. இஸ்மே, வேறு யார் பையையோ திறப்பது போல, நாத்தனாரின் பையைத் திறந்தாள். உள்ளே மாதா சொரூப வடிவில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில். நீலக் கிரீடம்தான் மூடி.

"இது என்னக்கா?"

"மந்திரிச்ச தண்ணி. ஃபாதர் குடுத்தாரு."

இஸ்மே மாதாவின் கிரீடத்தைத் திருகினாள். ஆவி குப்பென்று கிளம்பியது. பின்னால் நின்ற வெள்ளைக்காரருக்கு அடுக்கடுக்காகத் தும்மல் வந்தது.

"ஃபாதர் நல்லாத்தான் மந்திரிச்சிருக்காரு" என்றான் லிண்டன்.

யாரும் சிரிக்கவில்லை. அந்த ரம் எதற்காக, யாருக்காக என்று இஸ்மேவுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அகஸ்டாவுக்கும் தெரிந்தது.

"பாஸ்கோம் கடையா?"

"வேற யாரு. விஸ்கி அவனுக்கு ஒத்துக்கல. சரி, அவன் குடிக்கிறதையே கொண்டுபோய் அங்க ஊத்தினா உன் கண்ணுல படாதுல்லன்னு பார்த்தேன்."

"இது பிளேன்ல ஏறாதுக்கா."

"தெரியும்."

உத்தரவு எல்லோருக்கும் ஒன்றுதான். இஸ்மே குவளையில் தண்ணீரை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு நடந்தாள். அகஸ்டா பின்னால் போனாள். வேடிக்கை என்னவென்று தெரியாமலே அந்த வெள்ளைக்காரக் குடும்பமும் போயிற்று. லிண்டன் மூட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடினான்.

வழக்கம்போல இஸ்மே முதலில் தண்ணீரை ஊற்றினாள். பிறகு மாதாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கேட்டுத்தான் ஆக வேண்டும். இத்தனை வருடங்களில் யாரிடமும் அவள் கேட்காமல் விட்டதில்லை. உடையவர் சொன்ன பெயரைச் சொல்லாமல் விட்டதும் இல்லை. பிஸ்கட்டுக்கே ஊற்றியவள் அவள்.

"யார் பேரச் சொல்லணும்?" என்றாள். குரல் அவளுக்கே கேட்டிருக்காது.

அகஸ்டா அவள் முகத்தைப் பார்த்தாள். அவள் நினைத்திருந்தால் அந்த ஒரு பெயரை அங்கே சொல்லியிருக்கலாம். இத்தனை பேர் முன்னால் இஸ்மேயால் தட்டியிருக்க முடியாது. பெரிய மனுஷி அவள், சொல்லவில்லை.

"எங்க அம்மா பேரச் சொல்லிடு இஸ்மே" என்றாள். "அவளும் நல்லாக் குடிப்பா."

இஸ்மே பாட்டிலைச் சாய்த்தாள். சாய்த்தவள் சட்டென்று நிமிர்த்தினாள். ஒரு சொட்டும் விழவில்லை.

"கனவுல அவர் எங்க நின்னாரு?"

மேசை போட்ட அன்று அவள் இதைக் கேட்கவே இல்லை. கேட்கப் பயந்திருப்பாள். அகஸ்டா தொப்பியைக் கழற்றினாள்.

"உன் வீட்டு கேட்லதான் நிக்கிறான். என் வீட்டுப் பக்கம் அவன் வரவே இல்ல. நான்தான் கனவுல உன் தெருவுல நடந்து வர்றேன். செருப்பக் கையில பிடிச்சுக்கிட்டு, தலையிலேர்ந்து தண்ணி வடிய நிக்கிறான். உள்ள போக வேண்டியதுதானடான்னு கேட்டேன்."

"கேட் திறந்துதானேக்கா இருக்கு! நான் ஒரு நாளும் தாழ் போட்டதில்லையே!"

"நானும் அதத்தான் சொன்னேன். திறந்துதான்டா கிடக்குன்னேன். 'அவ இன்னும் கூப்பிடலக்கா'ன்னான்."

ஓடுபாதையில் விமானி இயந்திரத்தைக் கிளப்பிவிட்டார். லிண்டன் இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டினான். என்ன தோன்றியதோ, இயந்திரம் மறுபடி அடங்கியது. இத்தனை வருடமும் பெயரைச் சொல்லாமல் அவனை உயிரோடு காப்பாற்றி வைத்திருக்கிறோம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். காப்பாற்றவில்லை, வாசலில் நிறுத்தி வைத்திருந்தாள். ஜன்னலில் உட்கார்ந்து அவள் பார்த்துக்கொண்டிருந்த அதே கேட்டில், அவள் கண்ணுக்குத் தெரியாமல், நனைந்துபோய் அவன் நின்றிருக்கிறான்.

ஊரார் செத்தவர்களுக்கு வருகிற அந்தத் தணிந்த குரல் அவளுக்கு வரவில்லை. கடைத்தெருவில் புருஷனைத் தேடிப்போய்க் கூப்பிடுகிற பெண்ணின் குரல்தான் வந்தது.

"கெனூட்! கெனூட் பெடோ! வாங்க... கேட் திறந்துதான் இருக்கு. எவ்வளவு நாளா அங்கயே நிப்பீங்க? நான் கூப்பிடுறேன், உள்ள வாங்க. வந்து குடிங்க. வாய்யா, உள்ள வாய்யா!"

மாதாவின் தலை வழியே ஜாக் அயர்ன் இறங்கியது. மண் அதைச் சத்தத்தோடு குடித்தது. இது கூட்டிச் சொல்வதில்லை, அங்கே நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். வாதுமை இலை ஒன்றுகூட ஆடவில்லை. எதுவும் புரியாத அந்த வெள்ளைக்காரரின் கைகள், யாரும் சொல்லாமலே, தொப்பியைக் கழற்றின. எப்போதும் முதல் ஆளாக ஓடி வரும் அந்தக் கிழட்டு ஆடு தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே நின்றது. கடைசிவரை கிட்டே வரவில்லை. அதைப் பற்றி மட்டும் லிண்டன் இன்றைக்கும் கேலி பேசுவதில்லை.

அகஸ்டாவும் இஸ்மேயும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுது முடித்ததும் இஸ்மே முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழாயடியில் மாதாவை அலசி, தண்ணீர் நிரப்பிக் கிரீடத்தைத் திருகிக் கொடுத்தாள்.

"இந்தாங்கக்கா. இப்ப ஏத்தலாம்."

விமானம் தாமதமாகக் கிளம்பியது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மறுநாள் காலையில் பாதுகாப்பு மேசையில் இஸ்மே இல்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படி நடந்ததில்லை. வரிசை வாசல் வரை நீண்டுவிட்டது. லிண்டன் யாரோ ஒரு பெண்மணியின் பெட்டியைத் திறந்து, தொடக்கூடாததை எல்லாம் தொட்டுத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தான். அப்போதுதான் அவள் வேகவேகமாக வந்தாள். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. விரல்களில் துருக்கறை.

"என்னக்கா இவ்ளோ லேட்டு?"

"தூங்கிட்டேன்டா. அப்புறம் கிளம்பறப்போ கேட்டத் தாழ் போடலாம்னு பார்த்தா, துருப்பிடிச்சு அசைய மாட்டேங்குது. எண்ணெய் போட்டு, தட்டி, பாதி நேரம் அதுலயே போச்சு. இனிமே அந்த ஆடுங்க என் துவரையில வாய் வைக்கட்டும், பார்க்கிறேன்."

அவள் மேசைக்குப் பின்னால் வந்து நின்று, அடுத்த பையைத் தன் பக்கம் இழுத்தாள். லிண்டன் நகரவில்லை. கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் மெதுவாகக் கேட்டான்.

"வந்தாராக்கா?"

இஸ்மே பையைத் திறந்தாள். துண்டுக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அவர் சட்டை காஞ்சிருந்துச்சுடா" என்றாள்.